தூசித் திரைக்குள் வளரும் கருந்துளை

ஆனி இரவில் மேகம் விலகினால், கொல்லிமலை அரியூர் நாட்டிலிருந்து தெற்கே தனுசு ராசி தெரியும். அத்திசையில்தான் நம் விண்மீன் திரளான பால்வீதியின் மையம். அங்கே சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை. இப்போதைக்கு அதற்குத் தீனி குறைவு.

விண்மீன் திரளின் நடுவீக்கம் பெரிதானால் அதன் மையக் கருந்துளையும் பெரிதாக இருக்கிறது. ஏன்? இரண்டுக்கும் இரை ஒன்றே. திரள்கள் மோதும்போது வாயுவும் தூசியும் மையத்துக்குச் சரிகின்றன. விண்மீன்கள் பிறக்கின்றன, கருந்துளையும் கொழுக்கிறது. தூசி ஒளியை மறைத்தாலும் ஆற்றல்மிக்க எக்ஸ் கதிர் ஊடுருவி வந்துவிடும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் 1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, என்ஜிசி 6240 என்ற திரளின் தூசிக்குள் இரண்டு கருந்துளைகளைக் காட்டிக்கொடுத்தது. 2002இல் வந்த செய்தி அது. இப்படிக் கொழுக்கும் கருந்துளையைச் சுற்றிக் கிளம்பும் அனல்காற்று மிச்ச வாயுவை விரட்டினால், விண்மீன் பிறப்பும் குறையும், கருந்துளையின் தீனியும் தீரும்.