உழைப்பும் ஓய்வும்

தேவிகுளம் வட்டத்தில் இன்று இருப்புப்பாதை இல்லை. ஆயினும் முற்காலத்தில் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே, குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே, தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து ஒரு சிறு வண்டி ஓடியது. 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் நீராவி வண்டியாக வளர்ந்த அப்பாதை, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கீழிறங்கிய தேயிலை, குரங்கணி மலையடி கடந்து போடிநாயக்கனூரை அடைந்தது. அந்தப் போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. எம் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாம், வண்டிகளின் கால அட்டவணையிலிருந்து ஒரு பாடம் கற்றோம். ஒரு வண்டி ஓடுவதற்கு வேண்டிய நேரத்தை மட்டும் கணக்கிட்டு அட்டவணை போடுவதில்லை. பாதையில் பழுது பார்க்கும் இடத்தில் மெதுவாகச் செல்லவும், நேர்ந்த தாமதத்தை ஈடுசெய்யவும் சில நிமிடங்களைக் கூட்டியே வைப்பர். அந்நிமிடங்கள் இல்லையேல், ஒரு வண்டியின் தாமதம் பின்வரும் வண்டிகளையெல்லாம் பற்றிக்கொள்ளும். மனிதரின் நாளும் அத்தகையதே.

இதை அறிந்திருந்தும் நாம் அவ்வாறு நடக்கவில்லை. இரவுப் பணி முடித்து, உறங்காமல் வீட்டுக் காரியங்களை ஓடியோடிச் செய்து, மறுபடியும் பணிக்குச் சென்ற ஒரு நாளில் பேரேட்டில் ஒரு தொகையைத் தவறாக எழுதினோம். குறைந்த பணத்தைக் கைப்பொறுப்பில் கட்டினோம். மிச்சப்படுத்தியதாக எண்ணிய நேரம் இழப்பாகவே முடிந்தது.

நிற்க. தேயிலைச் செடியைப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறித்தபின், மீண்டும் துளிர்க்கச் சில நாட்கள் விடுகின்றனர். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, சில மாதங்கள் பறிக்காமலே விடுகின்றனர். கவாத்தின்போது செடி மூச்சுவிட ஓரிரு கிளைகளை வெட்டாது விடுவதும் உண்டு. செடிக்கு இவ்வளவு ஓய்வு தரும் மலையிலே, கொழுந்து பறித்த எம் அன்னைக்கு ஓய்வு எங்கே இருந்தது? விடியுமுன் எழுந்து சமைத்து, பகலெல்லாம் சரிவில் நின்று பறித்து, நிறுவை முடித்து லயத்துக்குத் திரும்பினால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நாளாயிற்று. அன்னை அமர்ந்து உண்டதை நாம் கண்டது அரிது.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது என்றும், அரைமணி நேரமேனும் இடைவேளை வேண்டும் என்றும் வகுத்தது. வார வேலை நேர வரம்பு முதலில் 54 மணியாக இருந்து, 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 ஆயிற்று. ஆயின் சட்டம் தோட்டத்தின் எல்லையோடு நின்றது; அடுப்பங்கரைக்குள் அது வரவில்லை. கூலி குறைவாயின், எத்துணைத் திட்டமிட்டாலும் ஓய்வு கிட்டாது என்பதும் உண்மை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் போனஸும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் அமர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆதலின், எம் கைக்கு எட்டிய சிலவற்றைச் சொல்கிறோம். முதலாவது, நாளின் தொடக்கத்தில் அன்று முடித்தே தீரவேண்டிய இரண்டு மூன்று காரியங்களை மட்டும் குறித்துக்கொள்க. மற்றவை மறுநாளுக்குக் காத்திருக்கும். இரண்டாவது, கருத்தூன்றிச் செய்யவேண்டியதை உடல் தெளிவாயிருக்கும் வேளையில் செய்க. மூன்றாவது, அட்டவணையில் கூட்டுநிமிடம் போல, அரைமணி நேரத்தை வெறுமையாக விடுக. நான்காவது, ஓய்வை எஞ்சிய நேரத்துக்கு ஒதுக்காமல் முன்கூட்டியே குறித்துவைக்க; எஞ்சும் நேரம் என்று ஒன்று எந்த வீட்டிலும் இல்லை.

ஐந்தாவதே முதன்மையானது. நாம் இவ்வாறு ஒழுங்காக ஓய்வெடுக்கத் தொடங்கிய மாதத்தில், எம் இல்லாள் ஒரு நாள் கேட்டாள்: “உங்களுக்கு அரைமணி ஓய்வு வந்துவிட்டது. அது யாருடைய அரைமணி?” நாம் விடை சொல்ல இயலாது நின்றோம். நாம் விட்ட வேலைகளையெல்லாம் அவளே செய்திருந்தாள். அன்று முதல் தண்ணீர் பிடிப்பதும், இரவில் பாத்திரம் துலக்குவதும் எம் பொறுப்பாயின. பிள்ளைகள் தம் துணிகளைத் தாமே மடிக்கின்றனர்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம் உழைப்புக்கு அஞ்சியவர்கள் அல்லர். ஆயினும் வீட்டில் ஒருவர் அயர்ந்து விழ, மற்றவர் இளைப்பாறுவது ஓய்வு ஆகாது. இந்த ஞாயிற்றுக்கிழமையேனும் வீட்டுப் பெண்கள் முதலில் அமர்ந்து உண்ணட்டும், நாம் பரிமாறுவோம்.