வேரும் ஒட்டும் – 16: பட்டுப்போகாத மரம்

போன வாரம் மாங்கொட்டையில் ஒரே கன்று தரும் ஒரு முளைக் கொட்டை, பல கன்று தரும் பல முளைக் கொட்டை என்று பேசி நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத்தைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். இடையில் வெண்ணெய்ப் பழத்தைப் பற்றி ஒரு சங்கதி கையில் சிக்கிவிட்டது. சப்பட்டை கோபித்துக்கொள்ளாது.

சங்கதி இதுதான். கலிஃபோர்னியாவில் வெண்ணெய்ப் பழத் தோப்புகளை வேரழுகல் நோய் வரிசை வரிசையாகக் காலி செய்துகொண்டிருந்தது. பட்டுப்போன மரங்களுக்கு நடுவே அபூர்வமாக எங்காவது ஒரு மரம் மட்டும் பச்சையாக நிற்கும். ரிவர்சைடு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அப்படிப்பட்ட மரங்களைத் தேடி அலைந்தார்கள். அகப்பட்டதும் செய்த காரியம், மரத்தை ஒட்டுக்குக் கீழே வெட்டுவது!

தோட்டக்காரர் பதறியிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். தோப்பில் எல்லா மரத்துக்கும் மேல்பாகம் ஒன்றே. ஒரே தாய்மரத்துக் குச்சியிலிருந்து ஒட்டுக் கட்டியவை. மேலே ஒன்றாக இருக்கும்போது ஒன்று பிழைத்து மற்றவை செத்தால், காரணம் அநேகமாக வேரில்தான் இருக்கும். ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் அந்த வேர்ச்செடி எதுவென்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் மரத்தை வெட்டி, வேர்ப்பகுதியையே துளிர்விட வைத்தார்கள். அந்தத் துளிர்தான் வேர்ச்செடியின் சொந்த முகம். அதைப் பெருக்கி, நோய் மண்டிய மண்ணில் நட்டுப் பார்த்தார்கள். பலதும் தோற்றன. சில தேறின. ‘தாமஸ்’, ‘டோரோ கேன்யன்’ என்ற வேர்ச்செடிகள் இப்படிப் பிழைத்த மரங்களின் அடியிலிருந்து வந்தவைதான்.

இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் சுந்தரபாண்டியத்திலிருந்து செண்பகத்தோப்பு வரைக்கும் எந்தத் தோப்பைப் பார்த்தாலும் எனக்கு மேலே கண் போவதில்லை.

அந்த நோயின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதை உண்டாக்கும் கிருமிக்கு ஃபைட்டாப்தோரா சின்னமோமி என்று பெயர். பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் பூஞ்சை இனமில்லை. ஈர மண்ணில் நீந்திப் போய் நுனிவேரைத் தின்னும். இதை முதலில் விவரித்தது 1922-ல், சுமத்ராவில்; அப்போது அது தின்றுகொண்டிருந்தது பட்டை மரத்தை. பிரியாணிக்குப் போடுகிறோமே, அந்தப் பட்டைதான். பெயரில் சின்னமோமி வந்தது அதனால். பட்டையும் வெண்ணெய்ப் பழமும் ஒரே தாவரக் குடும்பம். மெக்சிகோ மலை இனத்து வெண்ணெய்ப் பழ இலையைக் கசக்கி முகர்ந்தால் சோம்பு வாசம் அடிக்கும். மேற்கிந்தியத் தீவு இனத்து இலையில் அந்த வாசம் கிடையாது. தாய்மரம் எந்த ஊர்க்காரர் என்று மூக்கே ஓரளவு சொல்லிவிடும்.

நல்ல வேர் கிடைத்தாலும் ஒரு சிக்கல். அதன் விதையைப் போட்டால் பிள்ளை தாயைப் போல வராது. வேரையே நகலெடுக்க வேண்டும். வெண்ணெய்ப் பழக் குச்சியோ லேசில் வேர்விடாது. 1970-களில் கலிஃபோர்னியாவில் ஃப்ரோலிச், பிளாட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். முதலில் ஏதோ ஒரு கொட்டையை முளைக்கவிடுவது. அதன் மேல், வேண்டிய வேர்ச்செடியின் குச்சியை ஒட்டுக் கட்டுவது. ஒட்டுப் பிடித்ததும் இருட்டறையில் வைப்பது. வெளிச்சம் தேடி அந்தத் தண்டு வெளிறி, நெடுநெடுவென்று வளரும். வெளிறிய தண்டுதான் எளிதில் வேர்விட இசையும். வெளியே எடுத்து, அடியில் ஒரு வளையம் மாட்டி, சுற்றிலும் மண்ணை நிரப்பினால் அந்தத் தண்டு தானே வேர் விடுகிறது. உச்சியில் ஹாஸ் குச்சியை ஒட்டுகிறார்கள். தண்டு பருக்கப் பருக்க, கீழே இருக்கும் கொட்டையின் கழுத்தை வளையம் நெரித்துவிடும். பால் கொடுத்து வளர்த்த செவிலித்தாயைப் பிள்ளை தலையெடுத்ததும் அனுப்பிவிடுகிற கதை. கொஞ்சம் கொடூரம்தான். ஆனாலும் இந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹாஸ் என்றேன். ருடால்ஃப் ஹாஸ் கலிஃபோர்னியாவில் தபால்காரர். 1926-ல் வாங்கிய கொட்டைகளைப் போட்டு, வந்த கன்றில் அன்றைக்குப் பேர்போன ‘ஃபுவெர்ட்டே’ ரகத்தை ஒட்டுக் கட்ட முயன்றார். ஒரு கன்றில் ஒட்டு பிடிக்கவே இல்லை. வெட்டிவிடலாமா என்று யோசித்தபோது ஒட்டுக் கட்டுபவர், “கன்று திடமாக இருக்கிறது, விட்டுவையுங்கள்” என்றார். அந்த விட்டுவைத்த கன்றின் பழம்தான் இன்று உலகச் சந்தையின் பெரும்பகுதி. 1935-ல் ஹாஸ் காப்புரிமை வாங்கினார். பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை, தபால் வேலையையும் விடவில்லை. தாய்மரம் 2002-ல் செத்தது. எதனால்? வேரழுகல். உலகம் பூராவும் அதன் குச்சிகள் வேறு வேர்களின் மேல் வாழ்கின்றன. சொந்த வேரில் நின்ற மரம் போய்விட்டது.

நம் பக்கம் வருவோம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, தடியன்குடிசை வட்டாரத்தில் காபிக்கு நடுவே நிற்கும் வெண்ணெய்ப் பழ மரங்களில் பெரும்பாலானவை கொட்டை போட்டு வந்தவை. அதாவது ஒவ்வொரு மரமும் தனி ரகம். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட டி.கே.டி.-1 ரகமும் அப்படிப்பட்ட தேர்வில் வந்ததுதான். இப்போது அங்கே, “பழைய மரத்தையெல்லாம் எடுத்துட்டு ஹாஸ் வைக்கலாமா சார்?” என்று கேட்கிறார்கள். ஹாஸ் வையுங்கள், காசு வரட்டும். ஆனால் எடுப்பதற்கு முன் எந்த மரம் எத்தனை மழைக்கும் வாடலுக்கும் தப்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? அடுத்த ஹாஸ் அதற்குள் இருந்தால் விறகுக்கல்லவா போய்விடும்?

சுந்தரபாண்டியத்தில் வெண்ணெய்ப் பழம் கிடையாது. வெயில் விடாது. இங்கே மா. மேற்கே மலையடிவாரம் நெடுக, செண்பகத்தோப்புப் பக்கமும் ராஜபாளையம் பக்கமும் சப்பட்டை, பஞ்சவர்ணம், கிளிமூக்கு. வந்து தின்று போக அணில் உண்டு, ஆனையும் உண்டு. தோப்புக்காரர்கள் மேல்பாகத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். அடிவாரத்தில் ஒரு நர்சரியில் கன்றுகளை வரிசையாக வைத்திருந்த அண்ணாச்சியிடம் கீழே என்ன ரகம் என்று கேட்டேன்.

“மேல என்னன்னு கேளுங்க, அட்டை கட்டியிருக்கு. கீழயா? கொட்டைதான் சார்.”

“எந்த மாங்கொட்டை?”

“சீசன்ல எது கெடைக்குதோ அது.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது; நம் நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான். நம் மாமரங்களில் பெரும்பாலானவை ஒரு முளைக் கொட்டை. ஒரு கொட்டைக்கும் இன்னொன்றுக்கும் உறவு மட்டும்தான், ஒற்றுமை கிடையாது. ஆக, மேலே ஒரே ரகமாகத் தெரிகிற தோப்பு, மண்ணுக்குள் நூறு விதமான வேர்கள் கூடிய சந்தை. கேரளக் கரையோரத்துச் சந்திரக்காரன், ஒளூர், இன்னும் வெள்ளைக்கொழும்பான் போன்றவை பல முளைக் கொட்டைகள். அவற்றின் முளைகளில் பெரும்பாலும் தாயின் அச்சு. மரத்தைக் குட்டையாக வைக்க வெள்ளைக்கொழும்பான் வேர் உதவும் என்று ஆராய்ச்சி நிலையங்களில் பார்த்திருக்கிறார்கள். நர்சரிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்ததும் மறந்திருக்காது. எத்தனை மரம் பட்டுப்போனது என்று கணக்கெடுத்தார்கள், நிவாரணம் பேசினார்கள். பட்டுப்போகாமல் நின்ற மரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. அதன் பக்கத்தில் வாய்க்கால் கசிவு இருந்திருக்கலாம், அடியில் பாறை இடுக்கில் ஈரம் நின்றிருக்கலாம், பிழைத்ததெல்லாம் வீரமல்ல. கலிஃபோர்னியாவிலும் பிழைத்தவற்றில் பல, சோதனையில் சாதாரண வேர் என்று தெரிந்தது. சோதித்தால்தானே அதுவும் தெரியும்?

சோதிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓமான். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை பார்த்த நாடு. 1998-ல் அங்கே கடலோரத்து மாமரங்கள் திடீர் திடீரென்று வாடிச் செத்தன. ஒரு பட்டை வண்டும் ஒரு பூஞ்சையும் கூட்டு. பிறகு நடந்த சோதனைகளில் உள்ளூர் மா எளிதில் விழுந்தது. முல்கோவாவும் பங்கனப்பள்ளியும் நன்றாகத் தாக்குப்பிடித்தன.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “புது ரகத்தை யாரு வாங்குவா?” என்று வத்திராயிருப்பு வியாபாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வருஷம் தவறாமல் காய்க்கும் நம் நீலத்தை வடக்கத்தி தசேரியோடு சேர்த்து டெல்லியில் மல்லிகாவும் அம்ராபாலியும் உருவாக்கினார்கள். அதே நீலத்தை அல்போன்சோவோடு சேர்த்து மகாராஷ்டிரத்தில் ரத்னா. பெரியகுளத்தில் பி.கே.எம்.-1, பி.கே.எம்.-2 இரண்டிலும் நீலம் உண்டு. மல்லிகா இன்று விற்காமலா இருக்கிறது? மேல்பாகத்துக்கு இவ்வளவு கல்யாணம் செய்து வைத்தவர்கள் வேருக்கு ஒரு பெண் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

ஆராய்ச்சி நிலையத்திடம் இருப்பது கொஞ்சம் நிலம்தான். பிழைத்த மரங்கள் இருப்பது உங்கள் தோப்பில். ஒன்று செய்யலாம். அப்படி ஒரு மரம் இருந்தால் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் வழக்கமாகக் கிள்ளி எறிவோமே, அதை ஒன்றே ஒன்று விட்டுவையுங்கள். பென்சில் தடிமன் ஆனதும் பதியம் போட்டுப் பாருங்கள். மாவில் பதியம் சட்டென்று வேர்விடாது. நாலைந்து போட்டால் ஒன்று வரலாம். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களிடம் காட்டுங்கள்.

சப்பட்டை அடுத்த வாரம் நிச்சயம். அதற்கு முன்னால் உப்புத் தண்ணீர் பாய்கிற இஸ்ரேலில், 13-1 என்ற வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட மா வேர்ச்செடி ஒன்று இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.