உங்கள் கண்காட்சிக்கு வீட்டுக்காரர் யார்?

மாலை ஏழு மணிக்குத் திறப்பு விழா என்று அழைப்பிதழ் சொல்கிறது. சிறப்புப் பிரமுகர் எட்டரைக்கு வந்து சேர்கிறார். குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, நான்கு பேரின் உரை. ரிப்பன் வெட்டியதும் பிரமுகர் இரண்டு ஓவியங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். கூட்டம் சிற்றுண்டி மேசைக்கு நகர்கிறது. ஓவியரின் மூன்றாண்டு உழைப்பு சுவரில் தனியாகத் தொங்குகிறது.

நம் சமூக நிகழ்ச்சிகளில் இது புதிய காட்சியா? இல்லை என்பதே உண்மை. இதற்குப் பிரமுகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சொந்தக் கண்காட்சி என்பது கலைஞர் தம் வீட்டில் வைக்கும் விருந்து. அன்று அவரே விருந்தாளியைப் போல ஓர் ஓரத்தில் நின்றால், வந்தவர்களை யார் உபசரிப்பது?

கேரித் தீவில் ஒரு பாடம்

இதைக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில், தெலுக் பங்ளிமா காராங்கைத் தாண்டினால் கேரித் தீவு. நம்மில் பலருக்கு அது செம்பனைத் தோட்டங்களும் தமிழ்ப்பள்ளிகளும் உள்ள இடம். அதே தீவின் சுங்கை பும்பூன் கிராமத்தில் மா மெரி பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். 'ஞிரே பத்து' என்னும் சதுப்புநிலக் கடின மரத்தில் அவர்கள் செதுக்கும் முகமூடிகளும் சிலைகளும் யுனெஸ்கோவின் கைவினைத் தர முத்திரையைப் பெற்றவை. புகழ்பெற்ற 'சங்கிலிப் புலி' சிலையில் வளையங்கள் தனியாகச் செய்து மாட்டப்படுவதில்லை. ஒரே மரக்கட்டையிலிருந்து, கோத்தபடியே செதுக்கி எடுக்கப்படுகின்றன.

ஆண்டுதோறும், பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக்குச் சில வாரங்களுக்குப் பின், இவர்கள் 'ஹாரி மோயாங்' எனும் முன்னோர் நாளைக் கொண்டாடுகிறார்கள். நிப்பா ஓலையை மடித்துப் பெண்கள் தோரணம் கட்டுகிறார்கள். முன்னோர் குடிலில் வந்தவரின் நெற்றியில் அரிசி மாவுப் பூச்சு இட்டு ஆசி கூறுகிறார்கள். பிறகு முகமூடி அணிந்த ஆட்டம், அதன் பின் விருந்து. எதை முதலில் காட்டுவது, விருந்தினர் எங்கே நிற்பது என்பதையெல்லாம் ஊர்ப் பெரியவர்களே நடத்துகிறார்கள்.

அதே முகமூடி நகரத்துக் கடையில் விலைச்சீட்டோடு தொங்கினால் என்ன ஆகிறது? அது எந்த முன்னோரின் முகம் என்று சொல்ல ஆள் இல்லை. வாங்குபவருக்கு அது ஓர் அலங்காரப் பொருள்தான். படைப்போடு அதன் கதையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் திறப்பு விழாவின் வேலை.

ஆறு மாதத்திற்கு முன்பே

முதல் வேலை மண்டபம் தேடுவதல்ல, படைப்புகளைத் தேர்ந்தெடுப்பது. வரைந்த நாற்பதையும் மாட்டினால் பார்ப்பவர் எதையும் பார்க்க மாட்டார். ஒரே கருத்தில் இணையும் இருபது போதும்.

அடுத்தது கணக்கு. 1874 ஏப்ரல் 15ஆம் நாள் பாரிசில் மோனே, ரென்வார், டெகா உள்ளிட்ட 30 கலைஞர்கள் தாங்களே கூடி ஒரு புகைப்படக்காரரின் பழைய கூடத்தில் கண்காட்சி திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க். ஒரு மாதத்தில் ஏறக்குறைய 3,500 பேர் வந்தார்கள். 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயரே அங்கே பிறந்த கேலிப் பெயர்தான். ஆனால் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது ஒவ்வொரு பங்குதாரர் தலையிலும் 180 பிராங்குக்கு மேல் கடன். சங்கமே கலைக்கப்பட்டது.

சென்னைக் கலைஞர்கள் வேறு வழி கண்டார்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். ஆகவே மண்டப வாடகை, சட்டம் போடும் செலவு, லாரி, அழைப்பிதழ், உணவு எல்லாவற்றையும் முதலில் எழுதிப் பாருங்கள். கலைக்கூடம் விற்பனையில் எத்தனை விழுக்காடு எடுக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போவது வழக்கம்.

மாட்டுவதிலும் முறை உண்டு

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில், கண்ணுக்கு நேராக இருக்கட்டும். விளக்கு சாய்வாக விழ வேண்டும். நேராக விழுந்தால் கண்ணாடியில் பார்ப்பவரின் முகமே தெரியும். சிலையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சுற்றி வர இடம் விடுங்கள். மரச்சிலை மீது குளிர்சாதனக் காற்று நேரே பட்டால் வெடிப்பு விழலாம். ஒவ்வொரு படைப்புக்கும் தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள், அளவு ஆகியவற்றோடு இரண்டு வரி விளக்கமும் எழுதுங்கள். தமிழிலும் மலாயிலும் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் படிப்பார். விலைப் பட்டியலை மறைக்காதீர்கள். விற்றதற்குச் சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள்; ஒரு புள்ளியைப் பார்த்தால் அடுத்தவருக்கும் துணிவு வரும்.

அந்த மாலையில்

வேலை நாளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசலைத் தாண்டி ஏழு மணிக்கு யாரும் வர முடியாது. சனிக்கிழமை மாலை நல்லது. பிரமுகரை அழைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் தாமதமானாலும் குறித்த நேரத்தில் கதவு திறக்கட்டும். வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உரைகள் எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் போதும். பொன்னாடைக்கு ஆகும் செலவில் அழைப்பிதழை இன்னும் அழகாக அச்சடிக்கலாம்.

கலைஞர் வாசலிலேயே நிற்க வேண்டும். உணவு மேசையைப் பார்த்துக்கொள்ள உறவினரையும், விலை பேச நம்பகமான நண்பரையும் நியமித்துவிட்டால் அவர் கை ஓயும். பிறகு மூன்றே மூன்று படைப்புகளின் முன் கூட்டத்தை அழைத்துச் சென்று, அது பிறந்த கதையைச் சொந்த வாயால் சொல்லட்டும். "இது என் பாட்டி பால் வெட்டிய தோட்டம்" என்ற ஒரு வாக்கியம், மண்டபத்தில் இருக்கும் பத்துப் பேரின் பாட்டிகளை அங்கே கொண்டு வந்துவிடும். சைவ உணவும் ஹலால் உணவும் தனித்தனியாக இருக்கட்டும். சிவப்பு சிராப் பானம் மட்டும் ஓவியங்களின் அருகே வேண்டாம்!

திறப்பு விழாவோடு கண்காட்சி முடிவதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களுக்கு மறுநாளே நன்றி சொல்லுங்கள். எஞ்சிய நாள்களில் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவர்களையாவது வரவழையுங்கள். நம் பிள்ளைகளில் பலர் ஓர் ஓவியரை நேரில் பார்த்ததே இல்லை. அதற்கு முன், ஒரு வார இறுதியில் அவர்களைக் கேரித் தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மரத்தைச் செதுக்கும் ஒருவர் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அது எந்த மோயாங் என்று விளக்குவதை அவர்கள் கேட்கட்டும். நாளை அவர்கள் சொந்தக் கண்காட்சி வைக்கும்போது, எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.