கிரெப் அன்று, ஆர்ஜி இன்று

எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம். யூனிக்ஸ் கட்டளைகளுக்கு ஏன் இப்படிக் குட்டிக் குட்டியாகப் பெயர் வைத்தார்கள் என்று, டெர்மினலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்கள். 1970-களின் தொடக்கத்தில், நியூ ஜெர்சி மாநிலம் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், கணினியோடு பேசப் பெரும்பாலும் டெலிடைப் எந்திரம்தான் இருந்தது. தட்டுவதும் காகிதத்தில், பதில் வருவதும் காகிதத்தில். மாடல் 33 டெலிடைப் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். பெயரில் ஓர் எழுத்து குறைந்தால் விரலுக்கு அவ்வளவு மிச்சம். வேலை ஒழுங்காக முடிந்தால் கட்டளை வாயே திறக்காது; அதில் காகிதமும் நேரமும் மிச்சம்.

உரையில் தேடும் கட்டளையான கிரெப் பிறந்ததும் இப்படி ஒரு நெருக்கடியில்தான். ஆய்வகத்தில் லீ மக்மஹோன் என்பவர், அமெரிக்க வரலாற்றின் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள் 85-இல் எதை யார் எழுதினார் என்பதைச் சொற்பழக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றார். அன்றைய எடிட்டரான ‘ஈடி’யில் அவ்வளவு உரையையும் ஏற்ற முடியவில்லை. பிடிபி-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவக இடமே 64 கிலோபைட். அதே ஆய்வகத்தின் கென் தாம்சன், அந்த எடிட்டருக்குள் இருந்த தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனிக் கருவியாக்கினார். எடிட்டரில் ‘ஜி/ஆர்ஈ/பி’ என்று தட்டினால், எல்லா வரியிலும் இந்த வடிவத்தைத் தேடு, கிடைத்த வரியை அச்சிடு என்று பொருள். அதுவே பெயராகிவிட்டது. கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, வரி வரியாகப் படித்துக்கொண்டே போகும்.

அதே காலத்தில், 1973-இல், வந்ததுதான் பைப். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளையின் உள்ளீடாக ஊற்றலாம் என்பது அதே ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திவந்த யோசனை. பழைய கட்டளைகள் தலைப்பு, அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் வரிகளாகத் துப்புவதன் காரணம் இதில் இருக்கிறது. தங்கள் வெளியீட்டை அடுத்துப் படிக்கப்போவது மனிதனா, இன்னொரு நிரலா என்று அவை பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இன்று என் கணினியில் நான் தட்டுவது ‘ஆர்ஜி’. ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்ட ரிப்கிரெப்பின் கட்டளைப் பெயர் அது. விஎஸ் கோட் எடிட்டரில் ‘எல்லாக் கோப்புகளிலும் தேடு’ என்று கொடுக்கிறவர்களும் இதைத்தான் ஓட்டுகிறார்கள்; பலருக்கு அது தெரியாது. கண் இமைப்பதற்குள் பதில் வந்துவிடும். அதற்காகப் பழைய கிரெப்பை மந்தம் என்று சொன்னால் அது அநியாயம். கிரெப்பின் குனு வடிவத்தை எழுதிய மைக் ஹெர்டெல், எல்லா பைட்டையும் பார்க்காமலே தாவித் தாவிப் போகும் போயர்–மூர் முறையை அதில் வைத்துப் பல ஆண்டுகளாகின்றன. ஒரே கோப்பில் ஓர் எளிய சொல்லைத் தேடிப் பாருங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆர்ஜி ஜெயிப்பது வேறு இடத்தில். பல கோப்புகளை ஒரே சமயத்தில் பிரித்துக்கொண்டு தேடும். அதைவிட முக்கியம், தேட வேண்டாதவற்றைத் தொடவே தொடாது. கிட்இக்னோர் கோப்பில் ஒதுக்கச் சொல்லி எழுதிவைத்தவை, பெயர் புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புகள், பைனரிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும்.

அன்று கிரெப் சொன்னதைச் செய்தது; இன்று ஆர்ஜி நாம் நினைப்பதை ஊகிக்கிறது. பத்துக்கு ஒன்பது முறை ஊகம் சரி. பத்தாவது முறை எனக்கு நேர்ந்தது. ஒரு பழைய சர்வர் முகவரி எங்கள் நிரலில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஆர்ஜி போட்டேன், ஒன்றுமில்லை. இன்னொரு முறை போட்டேன், அப்போதும் இல்லை. அரை நாள் நெட்வொர்க்கையும் டிஎன்எஸ்ஸையும் சந்தேகப்பட்டுத் திரிந்தபின், கிரெப்பை ஓடவிட்டேன். புள்ளியில் தொடங்கும் ஓர் அமைப்புக் கோப்பில், நான்காவது வரியில், அந்த முகவரி உட்கார்ந்திருந்தது. ஆர்ஜியின் கையேட்டில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. ‘யு’ என்ற எழுத்தை மூன்று முறை சேர்த்தால் அது எதையும் ஒதுக்காமல் தேடும். அன்றிலிருந்து, ‘இல்லை’ என்று ஆர்ஜி சொன்னால், அந்த மூன்று எழுத்தையும் போட்டு இன்னொரு முறை கேட்காமல் நான் நம்புவதில்லை. எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தலைமுறைக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு ‘பேட்’டில் இருக்கிறது. கோப்பைக் காட்டும் பழைய ‘கேட்’ கட்டளைக்குப் பதிலாக எழுதப்பட்டது. கோப்பைத் திரையில் காட்டும்போது வரி எண், வண்ணம், சட்டம் என்று அழகாக அடுக்கும். அதன் வெளியீட்டைப் பைப் வழியாக வேறொரு கட்டளைக்குத் திருப்பிவிட்டால் அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டுச் சாதுவாகப் பழைய கேட் ஆகிவிடும். எதிரே இருப்பது மனிதனா நிரலா என்று பார்த்து நடந்துகொள்கிறது. இதை எழுதியவர்கள் பழையதை ஆழமாகப் படித்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு கவலையும் உண்டு. எல்எஸ்ஸுக்கு மாற்றாக ‘எக்ஸா’ என்று ஒன்று வந்தது. பராமரிப்பு நின்றுபோய், 2023-இல் மற்றவர்கள் அதைக் கிளை பிரித்து ‘ஈஸா’ என்று நடத்தவேண்டி வந்தது. பல கருவிகள் இன்னும் ஓரிருவர் தோளில்தான் நிற்கின்றன.

பக்கத்தில் ஒரு புதிய கருவியை வைத்துக்கொள்வது வேறு, பழையதை எழுப்பிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார்வது வேறு. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 இயங்குதளம் இரண்டாவதைச் செய்தது. எல்எஸ், சிபி போன்ற அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸுக்குப் பதிலாக ரஸ்டில் எழுதிய யூயூட்டில்ஸ் இயல்பாகவே வந்தது. நினைவகப் பிழைகளால் வரும் பாதுகாப்பு ஓட்டைகளை மொழியே தடுக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம், நல்ல காரணம். சில நாட்களில் பல கணினிகளில் தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை நின்றுபோனது தெரியவந்தது. ‘டேட்’ கட்டளையோடு ‘ஆர்’ சேர்த்து ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் வர வேண்டும். புதிய டேட் எந்தப் பிழையும் சொல்லாமல் இப்போதைய நேரத்தைக் கொடுத்தது. ‘இப்போதுதானே சோதித்தோம்’ என்று ஸ்கிரிப்ட் நம்பிப் படுத்துவிட்டது. விரைவில் திருத்திவிட்டார்கள். திரையில் பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்; தவறான பதிலை அமைதியாகக் கொடுத்ததுதான் ஆபத்து.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனிப் பங்கு உண்டு. கிரெப்பை எழுதிய அதே தாம்சன்தான் 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையை வகுத்தார். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் அதில் 3 பைட். ‘அம்மா’வை, எண்ணும் கட்டளையான டபிள்யூசியிடம் கொடுத்தால், வரிமுடிவை விட்டு, 15 பைட் என்கிறது. எழுத்தை எண்ணச் சொன்னால் 5 என்கிறது. புள்ளியையும் காலையும் தனித்தனி ஆளாக எண்ணிவிடுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும்.

கிரெப்பில் ‘பி’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், முழு எழுத்தை அப்படியே பிடிக்கும் ‘\எக்ஸ்’ என்ற குறி கிடைக்கும். அதனோடு, பிடித்ததை மட்டும் வரிக்கு ஒன்றாகக் காட்டும் ‘ஓ’ விருப்பத்தையும் சேர்த்து ‘அம்மா’வில் ஓட்டினால், மூன்று வரிகள் வருகின்றன: அ. ம். மா. அதைப் பைப்பில் விட்டு டபிள்யூசியை வரி எண்ணச் சொன்னேன். 3 என்றது. கிரெப்பை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே விருப்பங்களோடு ஆர்ஜியை வைத்தேன். அதற்கும் 3.