காரும் கணக்கும்

ஊர்விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களுக்குச் சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்ற ஆசை பிறப்பது இயல்பே. புதிது வாங்கக் கையில் பணம் போதாதபோது, பிறர் ஓட்டிய நடுத்தர ஸெடான் கார் கண்ணுக்கு அழகாகத் தோன்றும். குடும்பத்தோடு தாராளமாக அமரலாம். டிக்கியில் அரிசி மூட்டையும் அடங்கும், தொட்டிலும் அடங்கும். நானும் அவ்வாறே மயங்கி, 2021-ஆம் ஆண்டில் நாகபுரியில், ஏழு வயதான பெட்ரோல் ஸெடான் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். அது எந்தக் கம்பெனியின் வண்டி என்பது இங்கே வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் கோளாறுகள் வயதான வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

விலையைக் கொடுத்த அன்றே செலவு முடிந்துவிட்டது என்று எண்ணினேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து நாள்தோறும் கணக்கெழுதும் நான் செய்த முதற் பிழை அதுவே.

2023-ஆம் ஆண்டு மே மாதம் சேலத்தில் என் தங்கையின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். நாகபுரி வழியாகச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே ஹைதராபாத், பெங்களூரு வழியாகச் சேலத்துக்கும் போகிறது. கையில் ரயில் பாஸ் இருந்தும், சொந்தக் காரில் போய் இறங்கும் ஆசை என்னை விடவில்லை. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, “ரேடியேட்டரின் மேல் ஹோஸ் உப்பிவிட்டது, பிரயாணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்” என்றார். ஹோஸ், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் கேட்டார். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆதிலாபாத்தை நெருங்கும்போது உச்சி வெயில். வெப்பம் காட்டும் ஊசி மெல்ல மேலே ஏறியது. அக்கணமே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஊர் வரட்டும் என்று மேலும் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டினேன். உப்பிய ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் வழிந்துவிட்டிருந்தது. எஞ்சினைச் சுற்றி ஓடி வெப்பத்தைத் தணிப்பது அந்தத் திரவந்தான். அது இல்லாமற் போகவே, அலுமினியத்தாலான ஸிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்தது, கேஸ்கெட் கருகியது. கூலன்ட் கலந்த எஞ்சின் ஆயில், பாலூற்றிய காப்பியின் நிறத்தில் இருந்தது.

பழுது பார்க்க 26,400 ரூபாய் ஆகும் என்றார்கள், முன்பணம் 15,000. சீருக்கென்று எடுத்துச் சென்ற 30,000 ரூபாயிலிருந்து அதைக் கொடுத்தேன். மீதிப் பணம் வண்டியை மீட்கத் தேவை. மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஹைதராபாத்துக்குப் பஸ்ஸிலும், அங்கிருந்து ரயிலிலும் நின்றும் அமர்ந்தும் போய்ச் சேர்ந்தபோது பகல் 2 மணி. காலை முகூர்த்தத்தில், என் மடியில் அமர வேண்டிய குழந்தை, என் ஒன்றுவிட்ட தம்பியின் மடியில் அமர்ந்து காது குத்திக்கொண்டுவிட்டது. தங்கை கோபிக்கவில்லை. “சீர் எங்கே போய்விடும், அண்ணா? மடிதான் நேரத்துக்கு இல்லாமற் போயிற்று” என்றாள்.

அன்று முதல் காருக்கென்று தனிக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். 2024-ஆம் ஆண்டு வரையிலான மூன்றாண்டுக் கணக்கு இது. முன்சக்கரப் பிரேக் பேட் 2,800 ரூபாய். கிறீச்சென்ற ஓசை கேட்டதும் மாற்றினேன். தாமதித்திருந்தால் டிஸ்க்கும் கெட்டிருக்கும். பாட்டரி 5,600 ரூபாய். நாகபுரி வெயில் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. எஞ்சின் உறுமியும் வேகம் கூடாதிருந்தது கிளட்ச் தேய்ந்ததன் அடையாளம், அதற்கு 11,500. பள்ளங்களில் டக்டக்கென்ற ஓசை எழுந்தபோது ஷாக் அப்ஸார்பர் இரண்டும் ரப்பர் புஷ்களும் மாற்ற 8,200. ஏ.ஸி.யின் கூலிங் காயிலில் கசிவு. காயில் விலை 3,600 ரூபாய்தான். ஆனால் அது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலிக்கும் காஸுக்குமாக 5,400 ஆயிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி மோட்டார் தொழிலுக்கும் பொருந்துவதைக் கண்டேன்.

ஹெட் செலவையும் சேர்த்து மொத்தம் 63,500 ரூபாய். ஆண்டுதோறும் ஆயில் மாற்றியது தனி. வாங்கிய விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு போயிற்று. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி விபத்துக்கு உதவுமேயன்றித் தேய்மானத்துக்கும் யந்திரக் கோளாறுக்கும் பணம் தராது.

ஆகவே, பழைய வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று பாருங்கள். ஆயில் மூடியின் உட்புறம் வெண்மையாகப் பிசுபிசுத்தால் ஐயம் கொள்ளுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். டயரின் வயது அதில் தெரிந்துவிடும். முன்பே வாங்கிவிட்டவர்கள் மாதம் 2,000 ரூபாய் தனியே சேமித்து வாருங்கள். ஊசி ஏறினால் உடனே நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

பின்னர் வாங்கிச் சென்ற தோடு இன்று அக்குழந்தையின் காதில் ஆடுகிறது. ஆயினும் அந்த முகூர்த்த வேளையை எந்த ஒர்க்ஷாப்பிலும் பழுது பார்த்து வாங்க முடியாது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள், புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியின் முன்மூடியைத் திறந்து, அந்த ஹோஸை ஒரு முறை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.