மடி காத்த மூவர்

இருட்டிய கூடத்தில் ஃபிளாஷ் விளக்கைப் போட்டுக் குழந்தையைப் படம் பிடிக்கும்போது, ஒரு கண்ணின் பாவை சிவப்பாகத் தெரிய, மற்றொன்று மட்டும் பூனைக்கண் போல வெள்ளையாகப் பளிச்சிடுமானால், அதை ஒரு விநோதமென்று எண்ணிச் சும்மா இருந்துவிடலாகாது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட சிசுக்களையே பற்றுகின்ற ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய்க்கு அது அறிகுறியாக இருக்கக்கூடும். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய விஞ்ஞானி ஆல்ஃபிரட் நட்சன், இந்நோய் கண்ட 48 பேருடைய விவரங்களை ஆராய்ந்து, உயிரணுவின் மீது இரண்டு அடிகள் விழுந்தாலொழிய இது தோன்றாது என்று அனுமானித்தார். அவ்விரண்டும் ஒரே மரபணுவின் இரு பிரதிகள்மேல் விழுபவை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1986-இல் அந்த மரபணுவும், 13-ஆம் குரோமோசோமிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுக் கைக்கு வந்தது.

அது ஆக்கித் தரும் புரதத்துக்கு ஆர்.பி. என்று பெயர். உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய மரபணுக்களைத் தட்டியெழுப்புகின்ற ஈ-2-எஃப் என்னும் காரணியைக் கட்டிவைப்பதே அதன் பிரதானமான உத்தியோகம். வேட்டியின் மடியில் காசை முடிந்து வைப்பதுபோல, ஆர்.பி.யின் இரு பகுதிகள் சேருமிடத்தில் உண்டாகும் பள்ளத்தில், ஈ-2-எஃப்பின் வால்பக்கத்திலுள்ள சுமார் 18 அமினோ அமிலங்கள் சென்று பொருந்துகின்றன. மரபணுவை எழுப்புவதற்கு எந்த அங்கம் தேவையோ அந்த அங்கமே மடிக்குள் அகப்பட்டுவிடுவதால், காரணி இருந்தும் வாய் திறவாமல் இருக்கிறது. வெளியிலிருந்து வளர்ச்சிக்கான சமிக்ஞை வந்ததும், சைக்ளின்-டி என்னும் புரதம் தன் துணை நொதிகளோடு கூடி ஆர்.பி.யின்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்ற, முடிச்சு அவிழ்ந்து, ஈ-2-எஃப் விடுதலை பெறுகிறது.

இந்தப் புரதத்துக்கு உடன்பிறந்தார் இருவர் உண்டு. தம் எடையைக் கொண்டு பி-107 என்றும் பி-130 என்றும் பெயர் பெற்ற அவர்களுக்கும் அதே ஜாடை மடிதான். ஆயினும் தட்டியெழுப்பும் சுபாவமுள்ள முதல் மூன்று ஈ-2-எஃப்களைக் கட்டிவைக்கும் பொறுப்பு ஆர்.பி.யைச் சேர, அடக்கும் சுபாவமுள்ள நான்காவதையும் ஐந்தாவதையுமே மற்ற இருவரும் முக்கியமாகப் பற்றிக்கொள்கின்றனர். இந்தக் குடும்ப ஜாடையை நன்கறிந்தது வைரஸ்: கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸின் ஈ-7 என்னும் புரதம், மூவருக்கும் பொதுவான ஒரு பள்ளத்தில் விரலை நுழைத்து, மூவரையும் ஒருங்கே செயலற்றவராக்கிவிடுகிறது.

ஒருவர் போனால் மற்றவர் அவ்விடத்தை நிரப்புவாரா? சுண்டெலியிடத்தில் நிரப்புகிறார்: விழித்திரையில் ஆர்.பி.யை அறவே நீக்கினாலும் கட்டி தோன்றுவதில்லை; பி-107-ஐயோ பி-130-ஐயோ சேர்த்து அகற்றினால்தான் தோன்றுகிறது. மனிதக் குழந்தையின் கண்ணிலோ, இரு சகோதரர்களும் பழுதின்றி இருக்கும்போதே, ஆர்.பி. ஒன்றை இழந்த மாத்திரத்தில் கட்டிக்கு வழி திறந்துவிடுகிறது. அந்த வெள்ளைப் பாவையில் நாம் காண்பது, உறவினர் அருகிலிருந்தும் காவலுக்கு ஆளில்லாமற்போன வீட்டின் வெளிச்சம்.