சவுண்டல் தழை ஓர் ஆட்டுக்குத் தீவனம், இன்னொன்றுக்கு நஞ்சு: ஏன்?

சவுண்டல் என்கிற சூபாபுல் தழையில் புரதம் அதிகம்; கால்நடைகள் விரும்பித் தின்னும். ஆனால் ஆஸ்திரேலியாவில் அதையே அதிகம் மேய்ந்த மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது. ஹவாயில் அதே தழையைத் தின்ற ஆடுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. எப்படி?

தழையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் அதை உடைக்கும். உடைந்து வருவதும் தைராய்டைக் கெடுக்கும் நஞ்சுதான்! அதையும் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஹவாய் ஆட்டின் வயிற்றில் இருந்தது.

ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் 1980-களில் செய்தது, பாலுக்கு உறை ஊற்றுகிற வேலைதான். ஹவாய் ஆட்டிலிருந்து எடுத்த நுண்ணுயிரிகளை ஆஸ்திரேலிய ஆடுமாடுகளின் வயிற்றில் விட்டார். உள்ளே அவை பெருகின, நஞ்சும் அடங்கியது. கூட மேய்ந்த மாடுகளுக்கும் அந்த நுண்ணுயிரிகள் தொற்றிக்கொண்டன, போனஸ்.

ஆக்சிஜன் ஆகாத இந்த பாக்டீரியாவைக் காற்றுப்புகாத குழாயில் வளர்த்து ஆராய்ந்தார்கள். 1992-இல் ஜோன்ஸைக் கௌரவித்து அதற்கு சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள்.

மனிதக் குடலிலும் இப்படி உணவுக்கேற்ற பாக்டீரியா உண்டா? அதை அறிய இப்போது பாக்டீரியாவை வளர்க்கக்கூட வேண்டாம். மலத்திலுள்ள டிஎன்ஏவைப் படித்தாலே போதும். நோரி கடற்பாசியைச் செரிக்கும் மரபணு ஜப்பானியர் சிலரின் குடல் பாக்டீரியாவில் இருப்பது 2010-இல் அப்படித்தான் தெரிந்தது. கடல் பாக்டீரியாவிடமிருந்து வந்த மரபணு அது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் அது இல்லை.